கோபன்ஹேகனில் ஒரு வார இறுதி: தோழியைப் பார்க்கப் போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

லண்டனில் என்னோடு ஒரே அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த டேனிஷ் தோழி ஒருவர் கோபன்ஹேகனுக்குத் திரும்பிப் போன பிறகு, அவரைப் பார்ப்பதற்காக நான்கு முறை வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பியிருக்கிறேன். முதல் முறை போனபோது பார்க்க வேண்டிய பதினோரு இடங்களைக் குறித்து எடுத்துக்கொண்டு போய், ஒன்றுவிடாமல் பார்த்தும் முடித்தேன். திரும்பும் விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்த அவருடைய அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை என்பது உறைத்தது. அதற்குப் பிந்தைய மூன்று பயணங்களை வேறுவிதமாக அமைத்துக்கொண்டேன். ஏற்பாடுகளையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு நாளுக்கு ஒரே ஒரு காரியத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் அந்த முறை. அதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிரிட்டனிலிருந்து போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், ஐரோப்பாவின் வேறு நகரங்களிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: ஊரையும் வாரத்தையும் உறுதி செய்தல்

டென்மார்க்கில் இருக்கிறார் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோபன்ஹேகன் நாட்டின் கிழக்கோரத்தில் ஷெலான் தீவில் இருக்கிறது. ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஹெர்னிங் போன்ற ஊர்களோ மேற்கே ஜூட்லாந்தில் இருக்கின்றன. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே போகிறவர்கள் பிலுண்ட் விமான நிலையத்துக்குச் சீட்டு எடுப்பதே சரி. இந்த வழிகாட்டி கோபன்ஹேகனுக்கானது.

அடுத்தது நாள். டேனிஷ்காரர்கள் தங்கள் வார இறுதிகளைப் பல வாரங்களுக்கு முன்பே நிரப்பிவிடுவார்கள். "அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டு, முடியாது என்ற பதில் வந்தால் அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே கேட்பதுதான் அங்கே இயல்பு. தேதிகளை அவர்கள் வார எண்ணால் சொல்லும் பழக்கமும் உண்டு. "34ஆம் வாரம் எனக்கு வசதி" என்று பதில் வரும். உங்கள் கைபேசி நாட்காட்டியில் வார எண் தெரியும்படி மாற்றி வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது.

ஜூலையில் நகரத்தினர் பலர் கோடைக்கால வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை வெள்ளி, சனிக் கிழமைகளை அலுவலக விருந்துகளும் குடும்ப விருந்துகளும் எடுத்துக்கொள்ளும். என் அனுபவத்தில் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரையிலும், ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் முடியும் வரையிலும் போவது நல்லது. ஜூனில் இரவு பத்து மணி நெருங்கித்தான் சூரியன் மறையும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் போகக்கூடாது என்று சொல்லவில்லை. அப்போது போனால் வெளியே சுற்றும் திட்டத்தை விட்டுவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் திட்டத்தோடு போக வேண்டும்.

இரண்டாம் படி: விசாவும் கடவுச்சீட்டும்

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் பயணிக்க ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கன் பகுதியில் டென்மார்க் 2001 முதல் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டும் பிரிட்டன் வதிவிட உரிமையும் உள்ளவர்களுக்கு, எத்தனை ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்திருந்தாலும், ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விதிப்படி குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணலுக்கு இடம் கிடைப்பதே சில பருவங்களில் அரிதாகிவிடுவதால், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள் என்பேன். 30,000 யூரோ வரையான மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். தோழியின் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் முகவரியோடும் தங்கும் தேதிகளோடும் எழுதித் தரும் அழைப்புக் கடிதத்தையும் இணையுங்கள்.

பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் அந்தக் கடவுச்சீட்டு, உள்ளே நுழையும் நாளில் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவுப் பதிவு முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது; முதன்முறை நுழைகிறவர்களின் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யப்படுவதால் வரிசையில் கூடுதல் நேரம் ஆகலாம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அட்டை பெற்று வாழ்பவர்கள் தனி விசா எடுக்க வேண்டியதில்லை; கடவுச்சீட்டையும் அட்டையையும் மட்டும் மறக்காமல் கையோடு கொண்டு போக வேண்டும்.

மூன்றாம் படி: விமான நேரம்

லண்டனிலிருந்து பறக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. டென்மார்க் பிரிட்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அங்கே ஒன்பது மணிக்கு இறங்குவீர்கள். டேனிஷ் வீடுகளில் இரவு உணவு ஆறிலிருந்து ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்பதால், நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் தோழி பசியோடு காத்திருப்பார். "நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், வந்ததும் தேநீர் மட்டும் போதும்" என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முடிந்தால் வெள்ளியன்று அரை நாள் விடுப்பு எடுத்து, பிற்பகல் விமானத்தில் போய் அந்த முதல் இரவு உணவைச் சேர்ந்து சாப்பிடுவது மேலும் நன்று.

திரும்புவதற்கு ஞாயிறு இரவு எட்டு, ஒன்பது மணி விமானமே என் தேர்வு. திங்கள் அதிகாலை விமானம் மலிவாகக் கிடைக்கும். மெட்ரோவும் இரவு முழுவதும் ஓடுகிறது. ஆனாலும் அங்கே பலருக்கு எட்டு மணிக்கே வேலை தொடங்கிவிடும் நிலையில், விடியற்காலை நாலரைக்கு வீட்டில் விளக்கைப் போட்டு விருந்தோம்பியவரை எழுப்புவது சரியாகப் படவில்லை.

நான்காம் படி: பெட்டியில் வைப்பதும் வைக்கக்கூடாததும்

என் தோழி லண்டனில் இருந்தபோது எங்கள் வீட்டு ரசத்துக்குப் பழகிப்போனவர். அதனால் இரண்டாம் பயணத்தில் ரசப்பொடி, கறிவேப்பிலை, ஒரு சிறிய புட்டி நெய் மூன்றையும் எடுத்து வைத்தேன். நல்லவேளையாக, புறப்படும் முன்னே விதிகளைப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. பிரிட்டனும் இப்போது வெளிநாடுதான் என்பதால் நெய், பனீர், தயிர் ஆகியவை இதில் அடங்கும். பச்சை இலைகளுக்கும் பெரும்பாலான பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் என்ற ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உலர்ந்த பொடிகளுக்கும் காபித் தூளுக்கும் தடையில்லை. ஊறுகாய் கைப்பையில் போனால் திரவமாகவே கணக்கிடப்படும் என்பதால், புட்டி 100 மில்லிலிட்டருக்குள் இருக்கட்டும்.

வெறுங்கையோடு போவது அங்கேயும் வழக்கமில்லை. பூங்கொத்தோ நல்ல சாக்லேட்டோ போதும். பூவைக் கோபன்ஹேகனிலேயே வாங்கிக்கொள்ளலாம். விலையுயர்ந்த பரிசு கொடுத்தால் வாங்குகிறவர் சங்கடப்படுவார்.

உடைகளில் முதலிடம் காற்றைத் தடுக்கும் மேல்சட்டைக்கு. அந்த நகரம் தட்டையானது, கடலோரத்தில் இருக்கிறது. வெயில் அடிக்கும் மே மாதத்திலும் காற்று ஊசிபோலக் குத்தும். கழற்றி மாட்டச் சுலபமான காலணி, ஓட்டையில்லாத காலுறை, நீச்சலுடை, ஒரு துண்டு ஆகியவற்றையும் வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஐந்தாம் படி: பணமும் பயணச் சீட்டும்

டென்மார்க்கின் நாணயம் யூரோ அல்ல, குரோனர். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 7.46 குரோனர் என்ற அளவில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. ரொக்கம் மாற்ற வேண்டிய தேவையே எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை. எங்கும் அட்டை செல்லும். கட்டணக் கருவி பவுண்டிலா குரோனரிலா என்று கேட்டால் குரோனரைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மொபைல்பே என்ற செயலியில் பணம் அனுப்பிக்கொள்கிறார்கள். அதற்கு டேனிஷ் வங்கிக் கணக்கு வேண்டுமென்பதால் விருந்தாளி அதில் சேர முடியாது. அதனால் செலவைப் பங்கிடும் பேச்சு எழுவதற்கு முன்பே, "மளிகையும் காலை ரொட்டியும் என் கணக்கு" என்று சொல்லி, கடையில் நீங்களே அட்டையை நீட்டிவிடுங்கள். உணவகங்களில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. தனியாக இனாம் வைக்க வேண்டியதில்லை.

நகரப் போக்குவரத்துக்கு 1 முதல் 4 வரையான மண்டலங்களுக்குரிய சிறிய சிட்டி பாஸ் பொருத்தமானது. விமான நிலையமும் அதற்குள் வந்துவிடுகிறது. 48 மணி நேரச் சீட்டைக் கைபேசியிலேயே வாங்கலாம். துறைமுக நீரில் ஓடும் மஞ்சள் படகுப் பேருந்துகளும் அதே சீட்டில் அடங்கும். மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது என்பதால் சீட்டில்லாமலே உள்ளே போய்விட முடியும். சோதனையாளர் வந்தால் மட்டுமே தவறு தெரியும், அபராதமோ கடுமையானது. சீட்டு செல்லுபடியாகத் தொடங்கிவிட்டதா என்று ஏறுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேர்தல்

காஸ்ட்ரூப் விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலேயே மெட்ரோவும் ரயிலும் இருக்கின்றன. எம்2 மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் நகர மையத்தில் இருப்பீர்கள். 2002இல் ஓடத் தொடங்கிய இந்த மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்தால், சுரங்கம் நம்மை நோக்கி விரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். என் தோழி இருப்பது நோரெப்ரோ பகுதி. கொங்கன்ஸ் நூட்டோவ் நிலையத்தில் எம்3 வட்டப் பாதைக்கு மாறிப் போகிறேன். 2019 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் 17 நிலையங்கள் இருக்கின்றன.

தோழியை விமான நிலையத்துக்கு வரச் சொல்லாதீர்கள். சொன்ன நேரத்துக்கு அவர் வீட்டு மணியை நீங்கள் அடிப்பதே அவருக்கு வசதி. பத்து நிமிடம் தாமதமானாலும் செய்தி அனுப்பிவிட வேண்டும். அங்கே நேரம் தவறாமை மரியாதையின் ஒரு பகுதி.

ஏழாம் படி: வீட்டுக்குள்

காலணியை வாசலிலேயே கழற்றுவது நமக்குப் புதிதல்ல. புதிதாகத் தோன்றக்கூடியது குளியலறை. நகரத்தின் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் குளியலுக்கெனத் தனித் தடுப்பு இல்லை. கழிப்பறை, கைகழுவும் தொட்டி, நீர்த்தூவி மூன்றும் ஒரே சின்ன அறையில் இருக்கும். குளித்து முடித்ததும், சுவரோரம் வைத்திருக்கும் ரப்பர் துடைப்பானால் தரையிலுள்ள நீரை வடிகாலுக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்து வருகிறவர் காலுறை நனையும். ஆனால் யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். நிலத்தடியிலிருந்து எடுத்து, பெரும்பாலும் குளோரின் சேர்க்காமல் தரும் நீர் அது. புட்டி நீர் வாங்குவது வீண்.

போர்வையை மற்றவரோடு பகிரும் வழக்கமும் அங்கே இல்லை. இரட்டைக் கட்டிலிலும் ஆளுக்கொரு மெத்தைப் போர்வை உண்டு. வீடு சிறியதாக இருந்தால், பக்கத்திலுள்ள விடுதியில் அறை எடுக்கட்டுமா என்று முன்னதாகவே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "சோபாவில் படுக்கலாம்" என்றால் உண்மையாகவே படுக்கலாம் என்றுதான் பொருள். உபசாரத்துக்காகச் சொல்லும் பழக்கம் அவர்களிடம் குறைவு.

எட்டாம் படி: சனிக்கிழமை

காலையில் சற்று முன்னதாக எழுந்து, தெருமுனை ரொட்டிக்கடைக்கு நீங்களே போய்வாருங்கள். கதவருகே இருக்கும் கருவியிலிருந்து வரிசை எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். கசகசா தூவிய தேபியர்கஸ், இலவங்கப்பட்டைச் சுருளான கனேல்ஸ்னைல், வெண்ணெயும் சீஸும் வைத்துத் தின்னும் உருண்டை ரொட்டி, இந்த மூன்றும் போதும். உலகம் முழுவதும் டேனிஷ் என்று அழைக்கும் பல்லடுக்கு மாவுப் பண்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வியன்னா ரொட்டி என்று பொருள்படும் வீனர்ப்ரோ. இந்தக் காலை உணவே இரண்டு மணி நேரம் நீளும். நீளட்டும், இதற்காகத்தானே போயிருக்கிறோம்.

பிறகு நடை. நோரெப்ரோவின் அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டம் 1760இல் அமைக்கப்பட்டது. கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், தத்துவஞானி கீர்க்ககார்ட், இயற்பியலாளர் நீல்ஸ் போர் மூவரும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அதே இடத்தின் புல்வெளிகளில் தாய்மார்கள் குழந்தைகளை விளையாட விடுவதையும், மாணவர்கள் படுத்துக்கொண்டு படிப்பதையும் பார்க்கலாம். இடுகாட்டில் போய் உலாவுவதா என்று முதலில் தயங்கினேன். அந்த பாப்லர் மர வரிசைக்கு இடையில் நடந்தபடிதான் என் தோழி தன் அம்மாவின் நோயைப் பற்றி முதன்முறையாக முழுவதும் சொன்னார். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாத சில விஷயங்களைப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசிவிட முடிகிறது. அங்கிருந்து ஏரிகளுக்கு வந்து, லூயிசே அரசியார் பாலத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, விருப்பப்பட்டால் ஏரிகளைச் சுற்றி வரலாம். முழுச் சுற்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர்.

பிற்பகலில் தோழி மிதிவண்டி தருவதாகச் சொன்னால், நெரிசலில் ஓட்டப் பழக்கம் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வலப்புறம் ஒட்டியே செல்ல வேண்டும், முந்துவது இடப்புறமாக. நிற்கப் போகிறீர்கள் என்றால் முன்னதாகவே கையை உயர்த்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் மோதிவிடுவார். இடப்புறம் திரும்புவதற்குச் சாலையின் நடுவுக்குப் போகக் கூடாது. நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர் மூலையில் நின்று, அந்தப் பக்கத்து விளக்கு பச்சையானதும் போக வேண்டும். பேருந்திலிருந்து பயணிகள் மிதிவண்டிப் பாதையில் நேராக இறங்கும் இடங்களில் நின்று வழிவிட வேண்டும். இருட்டினால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் நான் போட்டுக்கொள்கிறேன். 2014இல் திறந்த, ஆரஞ்சு நிறத் தளம் கொண்ட பாம்புப் பாலத்தில் துறைமுக நீருக்கு மேலே மிதித்துப் போவது இந்த நகரத்தில் எனக்கு மிகப் பிடித்த சில நிமிடங்கள்.

பாலத்தின் மறுகரையிலுள்ள இஸ்லண்ட்ஸ் ப்ரூக்கேவில் துறைமுகக் குளியலிடம் இருக்கிறது, நீச்சலுடை அதற்குத்தான். ஒருகாலத்தில் கழிவுநீர் கலந்து குளிக்கத் தகாததாக இருந்த நீர் இது. மழைக்காலத்தில் சாக்கடை வழிந்து துறைமுகத்தில் கலக்காதபடி தேக்கத் தொட்டிகள் கட்டித் தூய்மைப்படுத்தி, 2002இல் மக்கள் குளிக்கத் திறந்துவிட்டார்கள். ஒரு தலைநகரத்தின் நடுவில், கட்டணமின்றி, அலுவலகக் கட்டடங்களைப் பார்த்தபடி நீந்த முடிவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பலத்த மழைக்குப் பிறகு தடை விதிப்பதுண்டு. அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சனி இரவை வெளியில் செலவிடாமல் வீட்டிலேயே சமையுங்கள். நோரெப்ரோவில் ஆசிய மளிகைக் கடைகள் இருப்பதால் பருப்பும் புளியும் கிடைக்கும். சாப்பிடத் தொடங்கும்போது கோப்பையை உயர்த்தி "ஸ்கோல்" என்று சொல்வார்கள். அப்போது ஒவ்வொருவரின் கண்ணையும் பார்க்க வேண்டும், கோப்பையில் எலுமிச்சைச் சாறு இருந்தாலும் சரி. உணவு முடிந்ததும் சமைத்தவரைப் பார்த்து "தாக் ஃபோர் மத்" என்று உணவுக்கு நன்றி சொல்வதும், அவர் "வெல்பெகோம" என்று பதில் சொல்வதும் குழந்தைகள்கூடத் தவறவிடாத வழக்கம். அன்று என் ரசத்துக்கு அந்த நன்றி கிடைத்தபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் முன்பே கற்றுக்கொண்டு போங்கள்.

ஒன்பதாம் படி: ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஓர் இடம்

ஆண்டர்சன் கதையின் கடற்கன்னி சிலை, டிவோலி கேளிக்கைப் பூங்கா, சுவீடனின் மால்மோ என்று ஆசை காட்ட நிறைய இருக்கும். 2000இல் திறந்த ஓரசுண்ட் பாலத்தைக் கடந்து மால்மோ போக முக்கால் மணி நேரத்துக்குள்தான் ஆகும் என்றாலும், அது வேறு நாடு, வேறு நாணயம், கடவுச்சீட்டும் வேண்டும். இந்த வார இறுதியில் அதைச் சேர்க்காதீர்கள்.

வானம் தெளிவாக இருந்தால் டூரஹேவன். புறநகர் ரயிலான எஸ்-ரயிலின் சி தடத்தில் கடைசி நிலையமான க்ளாம்பென்போர்கில் இறங்கினால், சிவப்பு வாயிலைத் தாண்டி, அரசர்கள் வேட்டையாடிய பழைய காடு தொடங்குகிறது. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வேட்டை நிலப்பரப்பின் ஒரு பகுதி இது. மான்கள் திரளாக மேயும். செப்டம்பர் இறுதியில் போனால் ஆண் மான்களின் உறுமலைத் தொலைவிலிருந்தே கேட்கலாம். எஸ்-ரயிலில் மிதிவண்டியை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம்.

மழை பெய்தால் லூயிசியானா நவீனக் கலை அருங்காட்சியகம். 1958இல் குனுத் யென்சன் தொடங்கியது. ஹும்லெபெக் நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ 40 நிமிடம், அங்கிருந்து பத்து நிமிட நடை. அந்த மாளிகையை முதலில் கட்டியவர் அடுத்தடுத்து மணந்த மூன்று மனைவியருக்கும் லூயிசே என்றே பெயர் என்பதால் இந்தப் பெயர் வந்தது. காட்சிக்கூடங்களைக் கண்ணாடித் தாழ்வாரங்கள் இணைக்கின்றன. மழையில் நனையும் தோட்டத்தையும், கடலுக்கு அப்பால் மங்கலாகத் தெரியும் சுவீடன் கரையையும் பார்த்தபடி உலர்ந்த காலோடு நடக்கலாம். சிற்பி ஜக்கோமெட்டியின் ஒல்லியான மனித உருவங்கள், குளத்தைப் பார்த்த உயரமான சாளரத்தின் முன் நிற்கும் கூடத்தைத் தவறவிடாதீர்கள். வார இறுதியில் காலை 11 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும்; திங்களன்று விடுமுறை. இந்த இரண்டு இடங்களுக்கும் சிறிய சிட்டி பாஸ் போதாது. மண்டலம் தாண்டுவதற்குக் கூடுதல் சீட்டு எடுக்க வேண்டும்.

பத்தாம் படி: விடைபெறுதல்

மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பி, படுத்த போர்வையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக் கிளம்பினால் எட்டரை மணி விமானத்துக்கு நேரம் சரியாக இருக்கும். லண்டன் விமானங்களுக்கான கடவுச்சீட்டுச் சோதனை, கடைகளையெல்லாம் தாண்டிய பிறகு தனியாக நடக்கிறது. அந்த வரிசைக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வீடு வந்து சேர்ந்த ஓரிரு நாளில் "தாக் ஃபோர் சிஸ்ட்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கடந்த சந்திப்புக்கு நன்றி என்று பொருள். மறுமுறை பார்க்கும்போதும் இதைச் சொல்வார்கள். கடைசியாக நான் அனுப்பியபோது, தன் அம்மா இப்போது நன்றாக நடக்கிறார் என்று தொடங்கி, வசந்தத்தில் அவர்கள் இருவருக்கும் ஓய்வு இருக்கும் 21ஆம் வாரத்தை எழுதிப் பதில் அனுப்பியிருந்தார். அன்றிரவே விமான நேரங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.